அப்பாவின் நினைவில் இருக்கும் கடையை நோட்டில் எழுதிவிட முடியுமா?

கேள்வி: திண்டுக்கல் காபிக்கடை

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் காபிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கும் சிறிய கடை ஒன்றை எங்கள் குடும்பம் முப்பத்தோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறது. பட்டிவீரன்பட்டியிலிருந்தும் குடகிலிருந்தும் பச்சைக்கொட்டை வருகிறது. பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என மூன்று வகைகளையும் சிக்கரியையும் வைத்துக்கொண்டு, கேட்பவர் கண்முன்னாலேயே எடை போட்டு அரைத்துத் தருகிறோம். சுமார் 420 வீடுகளும் பதினொரு மெஸ்களும் காபிக் கடைகளும் எங்களிடம் வாடிக்கை. மாதம் 550 முதல் 600 கிலோ வரை போகும்.

சென்ற ஆடி மாதத்தில் அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் புகையிலும் தூசியிலும் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், கல்லாவில் நான் உட்கார்ந்தேன். முதல் நாள் காலை ஏழரை மணிக்கு வந்த முதல் வாடிக்கையாளர், "எப்பவும் போடுறதைப் போடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் பையை நீட்டினார். அவருக்கு எப்போதும் போடுவது என்ன என்பது எனக்குத் தெரியவில்லை. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "பாதி பீபெரி, பாதி ஏ, சிக்கரி பத்து, வறுவல் கொஞ்சம் தூக்கலா இருக்கணும், பித்தளை பில்டருக்குப் போறது, ரொம்ப நைஸா அரைச்சுடாதே" என்றார். அன்று ஒரே நாளில் நாற்பது முறைக்கு மேல் அவரை அழைத்திருப்பேன். ஒன்றிரண்டைத் தவிர எதற்கும் அவர் யோசிக்கக்கூட இல்லை.

இப்படியே போனால் கடை அப்பாவோடு முடிந்துவிடும் என்ற பயம் அன்றுதான் வந்தது. உடனே பில் போடும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். எல்லோரிடமும் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எண்ணைச் சொன்னால்தான் தூள் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, வெறும் பையோடு திரும்பிப் போனார். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். முப்பது நாள்களாக வாங்காதவர்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் வசதியை நான் இயக்கி வைத்திருந்தேன். "உங்களை மிகவும் தேடுகிறோம்! அடுத்த அரைக் கிலோவுக்கு 10 சதவீதத் தள்ளுபடி!" என்ற அந்தச் செய்தி, பதினெட்டு நாள்களுக்கு முன்பு குடும்பத் தலைவரை இழந்திருந்த ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு அந்தத் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் என் அப்பா. அந்த அம்மா அவரை அழைத்து, குறையாகச் சொல்லாமல், செய்தியைப் படித்துக் காட்டியிருக்கிறார். அப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்கு வந்து, கணினித் திரையின் மேல் தோளில் கிடந்த துண்டைப் போட்டு மூடிவிட்டு, பழையபடி நின்றுகொண்டார்.

எனக்கு வத்தலகுண்டில் இரண்டாவது கடை போட ஆசை. சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் கூரியரில் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். முறையான ஏற்பாடு எதுவும் இல்லாமல் இதில் ஒன்றுகூட நடக்காது. ஆனால் ஏற்பாடு செய்யப் போய், வாடிக்கையாளர் எதற்காக எங்களிடம் வருகிறாரோ அதையே நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்ற ஐயமும் இருக்கிறது. ஆட்களோடு இருக்கும் பழக்கத்தை விடாமல் தொழிலைப் பெருக்கியவர்கள், எதை எழுதி வைத்தீர்கள், எதை மனிதரிடமே விட்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சேலம் தையலகம்

தம்பி, நான் பதினாறு ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். இப்போது என்னிடம் ஐந்து தையல்காரர்கள் வேலை செய்கிறார்கள். உங்கள் அப்பாவின் நினைவில் இருப்பது எங்கள் தொழிலில் எப்போதுமே நோட்டில்தான் இருந்து வந்திருக்கிறது. அளவு நோட்டு இல்லாத தையற்கடை கிடையாது. அதனால் எழுதி வைத்தால் பழக்கம் போய்விடும் என்ற பயம் எங்களுக்கு வந்ததே இல்லை. நோட்டைப் பார்த்து "போன தடவை கை நீளம் ஒன்பது வைத்தோம், அதுவே இருக்கட்டுமா?" என்று கேட்டால், என்னை நினைவில் வைத்திருக்கிறாளே என்றுதான் அவர்கள் மகிழ்கிறார்கள். நினைவு மூளையிலிருந்து வந்ததா, நாற்பது பக்க நோட்டிலிருந்து வந்ததா என்று யாரும் ஆராய்வதில்லை.

ஆனால் என் நோட்டில் அளவுகளுக்குக் கீழே பென்சிலால் எழுதும் ஒரு வரி உண்டு. அதுதான் நோட்டிலேயே விலை மதிப்புள்ள வரி. "இடது தோள் அரை அங்குலம் தாழ்வு, சொல்லிக் காட்டாதே." "கழுத்து இறக்கம் மாமியார் முன்னால் கேட்காதே." மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் ஆறு மாதம் கழித்து வந்தபோது நானே அளவெடுத்து, உள்ளே வைக்க வேண்டிய மாற்றத்தைக் குறித்து வைத்தேன். அதற்குப் பிறகு அவர் மூன்று முறை வந்துவிட்டார். கடையில் யார் இருந்தாலும் அவர் அதை மறுபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஏற்பாடும் செய்யாமல் அன்பாக மட்டும் இருந்திருந்தால், நான் இல்லாத ஒரு நாளில் புதிய பெண் ஒருத்தி அவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்திருப்பாள்.

உங்கள் மென்பொருள் செய்த தவறு நினைவில் வைத்ததல்ல, தானே பேசியதுதான். முப்பது நாள்களாக ஒருவர் வரவில்லை என்று அது உங்களுக்குச் சொல்லட்டும். அவரிடம் பேச வேண்டுமா, யார் பேசுவது, என்ன பேசுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு நாள் காலையும் அப்படிப்பட்ட ஐந்து பெயர்களை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டினால் போதும். "அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கார்", "இவருக்குச் சர்க்கரை, காபியைக் குறைச்சுட்டார்" என்று நான்கைச் சொல்லிவிடுவார். அழைக்க வேண்டியது ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வாடிக்கையாளர்களை இழந்தது எல்லாம் பேச்சுக் குறைந்ததால் அல்ல, சொன்ன தேதியில் துணி கொடுக்காததால். 2017 தீபாவளிக்கு முகம் பார்த்து யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டேன். தீபாவளிக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு முப்பத்திரண்டு ரவிக்கைகள் வெட்டாமல் கிடந்தன. அடுத்த ஆண்டிலிருந்து, ஒரு தையல்காரருக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு, டோக்கன் தீர்ந்ததும் வாங்குவதை நிறுத்தினேன். மனம் வருந்தியவர்கள் உண்டு. ஆனால் டோக்கன் வாங்கியவர்களில் ஒருவர்கூடப் பண்டிகையன்று பழைய ரவிக்கை உடுத்தவில்லை.

பதில் 2: திருச்சி கணக்காளர்

கேள்வி கேட்டவருக்கு வணக்கம். நான் சிறு கடைகளுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதித் தருபவன். உங்கள் பதிவில் நீங்கள் கவனிக்காமல் விட்ட சில நடைமுறைச் சிக்கல்கள் இருப்பதாகத் தோன்றுகிறது.

நீங்கள் சொல்லும் அளவையும் இன்றைய காபி விலையையும் பார்த்தால் உங்கள் ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டியிருக்கும். எனவே ஜிஎஸ்டி பதிவு இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த அளவுக் கடைகள் பெரும்பாலும் இணக்கமுறையில், அதாவது காம்போசிஷன் திட்டத்தில் இருக்கின்றன. 1.5 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளவர்கள் அதில் சேர்ந்து, விற்பனையில் ஒரு சதவீதத்தைத் தம் கையிலிருந்து கட்டிவிடலாம், வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. இதில்தான் உங்கள் கூரியர் ஆசைக்குத் தடை இருக்கிறது. இத்திட்டத்தில் இருப்பவர் மாநிலத்துக்கு வெளியே சரக்கு விற்க முடியாது. சென்னைக்கு அனுப்பலாம், பெங்களூருக்கு ஒரு கிலோ அனுப்பினாலும் விதிமீறல். பெங்களூர்ப் பிள்ளைகள் வேண்டுமென்றால் வழக்கமான முறைக்கு மாறி, வரி சேர்த்த பில் போட்டு, விரிவான கணக்கு எழுத வேண்டும். அந்த வேலைக்கும் செலவுக்கும் ஈடாக மாதம் எத்தனை கிலோ வெளிமாநிலத்துக்குப் போகும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆசைக்காக மாறிவிட்டு ஆறு மாதத்தில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொட்டலம் கட்டத் தொடங்கியதும் லேபிள் விதிகளும் வந்துவிடும். முன்கூட்டியே கட்டி வைத்த பொட்டலத்தில் 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, குறை சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். சிக்கரி கலந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையவே கூடாது. கல்லாவில் நின்று "எழுபது முப்பது" என்று வாயால் சொல்வது பொட்டலத்தின் மேல் எழுத்தாக மாறுகிறது, அவ்வளவுதான்.

கைப்பேசி எண்ணைப் பற்றி. பில் போடுவதற்கு எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. உங்கள் ஆசிரியர் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. தூள் தீரும் நேரத்தில் நினைவூட்டட்டுமா என்று கேளுங்கள், வேண்டுமென்பவர் எண்ணைத் தருவார். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் ஒரு தொல்லை என்று பலர் நினைக்கும் விஷயம் எனக்கு நல்லதாகவே படுகிறது. ஒரு பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதாவது உங்களை வேண்டும் என்று நினைத்தவரிடம் மட்டுமே நீங்கள் பேச முடிகிறது.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. பதினொரு மெஸ்களும் காபிக் கடைகளும் ரொக்கத்துக்கா வாங்குகின்றன? இருக்க முடியாது. அந்தப் பாக்கி உங்கள் அப்பாவின் எந்த நோட்டில் இருக்கிறது? சரக்குக் கடனுக்கு 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி மூன்று ஆண்டுகள்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள் கடனாளி இவ்வளவு பாக்கி என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் ஓடும். நான் வழக்குப் போடச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, சித்திரையிலோ விஜயதசமியிலோ, பாக்கிச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டால், பின்னாளில் "அப்பா காலத்துக் கணக்கு எனக்குத் தெரியாது" என்று இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது. பழகியவர்களுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் கடன் கொடுத்ததால் அல்ல, தொகை எவ்வளவு என்பதில் இருவர் நினைவும் ஒத்துப்போகாததால்.

பதில் 3: காரைக்குடி வாசகர்

நேரடியாக வணிகம் செய்யாதவன் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து நகரத்தார் கடல் கடந்து நடத்திய கொடுக்கல் வாங்கலான கொண்டுவிற்றலைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் நம்பிக்கை, நாணயம், வாய்ச்சொல் என்றே பேசுவார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த வட்டிக்கடைகள் வாய்ச்சொல்லால் மட்டும் நடக்கவில்லை. குறிப்பு, பேரேடு, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை என்று அன்றாடக் கணக்கு பிசகாமல் எழுதப்பட்டது. தலைமைப் பொறுப்பில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், வேலை பழகும் பெட்டியடிப் பையன் என்று பொறுப்புகள் அடுக்காக இருந்தன. முகவராகப் போனவர் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணையில் போய், தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். கடல் தாண்டி ஒருவரை நம்பி அத்தனை பணத்தை விட்டுவைக்க முடிந்ததற்கு, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது எவ்வளவு காரணமோ, அந்த ஐந்தொகையும் அவ்வளவு காரணம். உறவா முறையா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதே பிற்காலத்துப் பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கடையில் பெட்டியடிப் பையனாக உட்காராமலேயே நேராக மேலாளாக உட்கார்ந்துவிட்டீர்கள். தவறாக நினைக்க வேண்டாம், வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொன்னேன்.

பதில் 4: பொள்ளாச்சி ஹார்டுவேர்ஸ்

மேலே சொன்ன எல்லாவற்றையும் நான் செய்தேன். செய்தும் இரண்டாவது கடையை மூட வேண்டியதாயிற்று. அதனால் இந்த உற்சாகத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கிறது.

பொள்ளாச்சிக் கடையில் வாங்கும் ஒவ்வொரு தச்சர், கொத்தனார், பெயிண்டர் பற்றியும் கணக்கு இருந்தது. எந்த அளவுத் திருகாணி, எந்த நிறுவனத்துச் சாயம், எத்தனை நாளில் பணம் தருவார் என்பதெல்லாம் கணினியில் ஏறியிருந்தது. அதே கணினியை வைத்துப் பக்கத்து ஊரில் கிளை திறந்தேன். சம்பளத்துக்கு இரண்டு பையன்களை அமர்த்தி, என் அனுமதியில்லாமல் கடன் கிடையாது, விலை குறைப்பும் கிடையாது என்று சொல்லி வைத்தேன். எட்டாவது மாதம், இருபது ஆண்டுகளாக என்னிடம் வாங்கும் தச்சர் ஒருவர் அந்த ஊரில் வேலைக்குப் போனவர், 340 ரூபாய்க்குத் திருகாணி எடுத்துக்கொண்டு, பணம் நாளைக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். பையன் கணினியைப் பார்த்திருக்கிறான். அவருடைய பெயர், கணக்கு, நாணயம் எல்லாம் திரையில் இருந்திருக்கின்றன. ஆனால் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. எனக்கு அழைத்தான், நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. தச்சர் திருகாணியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தக் கடைக்கும் அவர் வருவதில்லை.

யார் யாருக்கு என்ன வேண்டும் என்ற தகவலை எத்தனை ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லும் உரிமையை அனுப்பாவிட்டால் அந்தத் தகவலால் பயன் இல்லை. இப்போது ஒரே கடையாக இருந்தாலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். கடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் வரை, யாரையும் கேட்காமல், கடன் தரவோ குறைத்துத் தரவோ உடைந்ததை மாற்றித் தரவோ அனுமதி உண்டு. மாலையில் காரணத்தை ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். நான் திட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. நான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் இதனால் உண்மையில் போன தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியதில்லை. பெரும்பாலான நாள்களில் அந்த வரியே காலியாக இருக்கிறது.

தம்பி வத்தலகுண்டுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். அங்கே நிற்கப் போவது யார்? அவருக்கு வாடிக்கையாளர்களைத் தெரியுமா, அல்லது எழுதி வைத்த அவர்களின் கணக்கை மட்டும் தெரியுமா?

கேள்வி கேட்டவர்: ஐந்து வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. காரைக்குடி ஐயா சொன்னது கொஞ்சம் சுட்டது, ஆனால் உண்மை. நடந்ததை எழுதுகிறேன்.

இரவு எட்டரைக்குக் கடை சாத்திய பிறகு பதினொரு நாள்கள் அப்பாவோடு உட்கார்ந்து எழுதினேன். முதல் நாள் அகர வரிசையில் பெயர்களைச் சொல்லிக் கேட்டபோது அவருக்குப் பாதிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வியப்பாகவும் பயமாகவும் இருந்தது. இரண்டாம் நாள் அவரே, "தெருவா கேளு" என்றார். மேற்கு ரத வீதியில் தொடங்கி, ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி வருவதுபோல் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். நாகல் நகர், பேகம்பூர், ஆர்.எம். காலனி என்று அப்படியே ஊரைச் சுற்றி வந்தோம். அதனால் வீட்டுக்கு ஒன்றாக நாங்கள் எழுதிய அட்டைகளும் தெரு வாரியாகவே அடுக்கியிருக்கின்றன. ஓர் அட்டையில் கலவை, வறுவல், அரவை, எத்தனை நாளுக்கு எவ்வளவு என்று நான்கு வரிகள், சேலம் அக்கா சொன்னபடி கீழே பென்சில் வரி ஒன்று. கணவனும் மனைவியும் காலையும் மாலையும் குடிக்கும் வீட்டுக்கு அரைக் கிலோ பன்னிரண்டு நாள் வரும் என்று அப்பா விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். பழைய பில்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. தெருவாகச் சொல்லியும் முப்பத்தேழு வீடுகளுக்குக் கலவை அவருக்குத் தட்டுப்படவில்லை.

அந்த முப்பத்தேழில் இருபத்திரண்டை, ஒன்பது ஆண்டுகளாக எங்கள் அரவை இயந்திரத்தின் அருகே நிற்கும் அக்கா சொன்னார். யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. பொள்ளாச்சி அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்றுதான் எனக்கு விடை தெரிந்தது. அக்காவின் சொந்த ஊர் வத்தலகுண்டுப் பக்கம். தை பிறந்ததும் அங்கே கடை போட்டால் அவர்தான் கல்லாவில் உட்காருவார், லாபத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு என்று பேசியிருக்கிறோம். அப்பா உடனே சம்மதித்தார். அம்மாதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கூரியரைச் சென்னையோடு நிறுத்திவிட்டேன். அதிலும் முதலில் அடி வாங்கினேன். வறுத்த கொட்டை பல நாள்களுக்குக் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் என்பது தெரிந்தும், புதிதாக இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் காலையில் வறுத்து அரைத்து மதியமே காற்றுப் புகாத பைகளில் அடைத்து அனுப்பினேன். பைகள் பலூன் போல உப்பி, ஒன்பதில் மூன்று வழியில் வெடித்துவிட்டன. இப்போது வறுத்த கொட்டையை ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு அரைத்து, வாயு வெளியேற வால்வு வைத்த பையில் அடைக்கிறேன். மூவருக்கும் மறுபடி அனுப்பியபோது அப்பா ஆளுக்கு நூறு கிராம் கூடுதலாக வைக்கச் சொன்னார். மெஸ்காரர்களின் பாக்கிச் சீட்டுகளில் ஏழில் கையெழுத்து வாங்கியாயிற்று. இரண்டு இடங்களில் அவர்கள் கணக்கில் எங்களுக்கு அதிகப் பாக்கியும், எங்கள் கணக்கில் குறைவாகவும் இருந்தது!

தானியங்கிச் செய்தியை நிறுத்தியாயிற்று. காலையில் ஐந்து பெயர்களை அப்பாவிடம் படிக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக்கு அப்பாவே போய் வந்தார். அவர் இன்னும் எண்ணைத் தரவில்லை, ஆனால் தூள் வாங்குகிறார்.

இப்போது தீராமல் நிற்பது ஒன்றுதான். என் செய்தி போய்ச் சேர்ந்த அந்தத் துக்க வீட்டு அம்மாவின் அட்டையை எழுதும்போது, எழுபது முப்பது, நடு வறுவல், அரைக் கிலோ என்றேன். "கால் கிலோ" என்று திருத்திய அப்பா, "பழைய விலை" என்று கீழே எழுதச் சொன்னார். எந்தப் பழைய விலை என்று கேட்டதற்கு, அவர் கணவர் கடைசியாக வந்து வாங்கிய அன்று என்ன விலையோ அது என்றார். அதற்குப் பிறகு கொட்டை விலை இரண்டு முறை ஏறிவிட்டது. அப்பா இருக்கும்வரை நினைவாகவே அந்த விலையைப் போட்டுவிடுவார். ஆனால் எங்கள் மென்பொருள் ஒரே தூளுக்கு இரண்டு விலையை ஏற்க மறுக்கிறது. தள்ளுபடி என்று போட்டால் பில்லில் அந்தச் சொல் அச்சாகும், அவர் படித்துவிடுவார். மீதியைக் கொடுத்துவிட்டுப் போகும் சுபாவம் உள்ளவர். இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 5: திருச்சி கணக்காளர்

தள்ளுபடி வேண்டாம். பொருள் பட்டியலில் அவருடைய கலவையைப் புதிய பொருளாக, அவர் தெருவின் பெயரிலோ வேறு எந்தப் பெயரிலோ சேர்த்து, அந்த விலையை அதற்கு நிர்ணயித்துவிடுங்கள். பில்லில் பொருளின் பெயரும் விலையும் மட்டும் வரும். விற்ற விலைக்குத்தான் வரி, அதனால் கணக்கிலும் பிழை இல்லை. உங்கள் கடையில் 420 கலவைகள் இருக்கும்போது 421ஆவதாக ஒன்று இருப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. விலையேற்றத்தை எல்லாப் பொருள்களுக்கும் ஒரே பொத்தானில் ஏற்றும்போது மட்டும் அதை விட்டுவிட மறக்க வேண்டாம். அதை அட்டையின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.